திருச்சி முற்றுகையும் அயல்நாட்டுக் கொள்கையும்



திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையில் ஏறி, உச்சிப் பிள்ளையார் சந்நிதிக்கு வெளியே நின்று, வடக்கு நோக்கிப் பார்த்திராதவர் உங்களில் சிலரே இருப்பர். முதலில் காவிரி தெரியும். அதற்கப்பால் தென்னைகளின் நடுவே ஸ்ரீரங்கத்துக் கோபுரங்கள் தோன்றும். சற்றுக் கிழக்கே திருவானைக்கா. அவற்றிற்கும் வடக்கே கொள்ளிடம். இன்று அமைதியாகக் கிடக்கும் இந்நிலப்பரப்பில், 1751 முதல் 1755 வரை ஆர்க்காட்டு நவாபு, சந்தா சாகிப், ஆங்கிலக் கம்பெனி, பிரெஞ்சுக் கம்பெனி, மைசூர், தஞ்சை, புதுக்கோட்டை, மராட்டியர் எனப் பலருடைய படைகள் வந்து பாளையமிறங்கின. ஓர் அரசு மற்றோர் அரசின்பால் எடுக்கும் முடிவு எவ்வாறு பிறக்கிறது என்பதைக் கற்க விரும்புவோருக்கு இதனினும் அருகிலுள்ள பாடசாலை வேறில்லை. ஆதலின் அயல்நாட்டுக் கொள்கை பற்றிய இப்பேச்சை அந்த மலையின் மேலிருந்தே தொடங்குகிறேன்.

வரலாற்று நூல்களில், “மைசூர் நவாபுக்குத் துணை வரத் தீர்மானித்தது, பின்னர்ப் பிரெஞ்சுக்காரர் பக்கம் சேர்ந்தது” என்று இரண்டே தொடர்களில் ஒரு செய்தி முடிந்துவிடுகிறது. பரீட்சைக்கு அது போதும். ஆனால் “மைசூர்” என்பவர் யார்? ஊருக்கு வாயில்லை, நாட்டுக்குக் கையில்லை. தீர்மானித்தவர் மனிதர். அம்மனிதர் யாவர், என்ன வேண்டினர், எதை நம்பினர், எதைக் கொண்டு செய்தனர் என்று கேட்கத் தொடங்கினால் அந்த இரண்டு தொடர்களும் விரிந்து பெரிய கதையாகின்றன. முதலில் கதையைச் சொல்லி விடுகிறேன்.

1749ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஆம்பூர்ப் போரில் ஆர்க்காட்டு நவாபு அன்வாருதீன் மாண்டார். அவர் மகன் முகமது அலி தப்பித் திருச்சிக் கோட்டையை அடைந்தார். நவாபுப் பட்டத்தை நாடிய சந்தா சாகிபுக்குப் புதுச்சேரிக் கவர்னர் டூப்ளே துணை நின்றார். முகமது அலிக்கு ஆங்கிலக் கம்பெனியார் துணை நின்றனர். 1748லேயே ஐரோப்பாவில் இங்கிலாந்தும் பிரான்சும் சமாதானம் செய்துகொண்டுவிட்டமையால், இங்கே இரு கம்பெனியாரும் தத்தம் நவாபின் உதவிப்படையினர் என்ற பெயரால்தான் சண்டையிட்டனர். 1751ல் சந்தா சாகிபும் பிரெஞ்சுப் படையும் திருச்சியை முற்றுகையிட்டனர். முற்றுகையிட்டோர் கவனத்தைத் திருப்பக் கிளைவ் ஆர்க்காட்டைப் பிடித்ததும், அங்கே அவர் முற்றுகையைத் தாங்கி நின்றதும் நீங்கள் படித்தவை. ஆனால் திருச்சிக்குள் இருந்த முகமது அலிக்குப் பணமுமில்லை, போதிய படையுமில்லை. அவர் மைசூருக்குத் தூது விட்டார். உதவிக்கு ஈடாக அவர் தர இசைந்தது, திருச்சிக் கோட்டையையும் அதனைச் சார்ந்த நாட்டையுமே! இந்த உடன்பாட்டை அவர் தம் நண்பர்களான ஆங்கிலேயருக்குத் தெரிவிக்கவில்லை.

1752ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மைசூர்ச் சர்வாதிகாரியாகிய நஞ்சராஜர் பெரும்படையோடு கரூர் வழியாக வந்து சேர்ந்தார். குத்தியின் தலைவரான மராட்டிய வீரர் முராரி ராவையும் கூலிப்படையாக அவர் அழைத்து வந்தார். மைசூர் வந்ததைக் கண்ட தஞ்சை மன்னர் பிரதாப சிம்மரும் தளபதி மானோஜியின் கீழ்ப் படை அனுப்பினார். புதுக்கோட்டைத் தொண்டைமானும் ஆட்களை அனுப்பினார். வசந்த காலத்தில் லாரன்சும் கிளைவும் வந்தனர். தராசு சாய்ந்தது. பிரெஞ்சுத் தளபதி லா, காவிரியைக் கடந்து ஸ்ரீரங்கத் தீவுக்குள் ஒதுங்கினார். கிளைவ் கொள்ளிடத்தின் வடகரையில் சமயபுரத்தில் அமர்ந்து புதுச்சேரியிலிருந்து வரும் உதவியை மறித்தார். தீவு சிறையாயிற்று. ஜூன் மாதத்தில் லா சரணடைந்தார். சந்தா சாகிப் மானோஜியின் வாக்கை நம்பி அவரிடம் சென்று, அவர் பாளையத்திலேயே தலையிழந்தார்.

வெற்றி கிட்டியதும் நஞ்சராஜர் தமக்குரியதைக் கேட்டார். நவாபு தயங்கினார். இக்கட்டில் கொடுத்த வாக்கு என்றார். கோட்டை மொகலாயச் சக்கரவர்த்தியுடையது, அதைத் தர எனக்கு உரிமையேது என்றார். இரண்டு மாதத் தவணை கேட்டார். ஸ்ரீரங்கத்தையும் சுற்றியுள்ள பகுதிகளின் வருவாயையும் மட்டும் விட்டுக்கொடுத்தார். கோட்டைக்குள் கேப்டன் டால்டனின் கீழ் ஆங்கிலக் காவற்படை இருந்தது. சென்னைக் கம்பெனியாரோ, இது நவாபுக்கும் மைசூருக்கும் உள்ள வழக்கு, நாங்கள் அந்த உடன்பாட்டில் கையெழுத்திட்டவரல்லர் என்றனர். நஞ்சராஜர் சீற்றமுற்றார். அவ்வாண்டு முடிவதற்குள் டூப்ளேயோடு பேச்சு முற்றியது. 1753ன் தொடக்கம் முதல், எந்தக் கோட்டையைக் காக்க வந்தாரோ அதே கோட்டைக்கு உணவு செல்லாதவாறு மறிக்கலானார். ஸ்ரீரங்கத்தையே தம் பாசறையாகக் கொண்டு 1755 வரை அவர் அங்கேயே தங்கினார். திருச்சி அவருக்குக் கிடைக்கவேயில்லை.

இதுதான் கதை. இனி இதனை ஆராயும் வழிகளுக்கு வருவோம்.

முதல் வழி, அரசை ஓர் அறிவுள்ள தனிமனிதனாகக் கருதி, அவன் வேண்டியது யாது, அவன் முன் இருந்த வழிகள் எவை, ஒவ்வொன்றின் ஊதியமும் இழப்பும் என்ன என்று கணக்கிடுவது. நம் முன்னோர் இதனை நன்கறிவர். திருக்குறளின் பொருட்பாலில் தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் நான்கு அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்பதைக் கவனியுங்கள். அர்த்தசாஸ்திரம், சமாதானம், போர், வாளாவிருத்தல், படையெடுத்தல், வலியாரை அடைதல், ஒருவனோடு நட்பும் மற்றவனோடு பகையும் கொள்ளல் என அரசன் கைக்கொள்ளத்தக்க ஆறு நெறிகளை வகுக்கிறது.

இக்கணக்கின்படி பார்த்தால் நஞ்சராஜர் செய்தது மடமையன்று. காவிரியின் தலைப்பகுதி மைசூருடையது. திருச்சி கிடைத்தால் சோழநாட்டுச் சமவெளியின் வாயில் கிடைத்ததாகும். போரிட்டுப் பெறவேண்டிய கோட்டையை உடையவரே கையில் தர இசைகிறார். சந்தா சாகிப் வென்றாலோ, அவருக்குப் பின்னே பிரெஞ்சுக்காரர் நிற்க, மைசூரின் அண்டையில் ஒரு வலிய அரசு எழும். மறுத்திருக்கலாம், பணத்துக்கு மட்டும் உதவியிருக்கலாம், கோட்டை வாயிலை முன்னதாகக் கேட்டிருக்கலாம். இவற்றுள் கடைசி வழியை அவர் ஏன் வற்புறுத்தவில்லை என்பதற்கு இந்த முதல் வழி விடை தருவதில்லை. அதற்கு நாம் அரண்மனைக்குள் புகவேண்டும்.

இரண்டாம் வழி, அரசினுள் இருந்த மனிதரையும் அவர்தம் இழுபறியையும் காண்பது. மைசூரின் சிம்மாசனத்தில் இருந்தவர் இரண்டாம் கிருஷ்ணராஜ உடையார். ஆனால் அதிகாரம் அவரிடமில்லை. தளவாய் தேவராஜர், சர்வாதிகாரி நஞ்சராஜர் என்னும் உடன்பிறந்தார் இருவரிடமே அது இருந்தது. மூத்தவரான தேவராஜர் இப்படையெடுப்பை விரும்பவில்லை. தம்பியே முன்னின்று நடத்தினார். ஆகவே “மைசூர் விரும்பியது” என்பது பாதி உண்மை. மைசூரின் ஒரு பாதி விரும்பியது. மறுபாதி இசையாது இருந்தது. மன்னர் பெயரால் ஆளும் ஒருவர், தமையன் சொல்லை மீறி இறங்கிய செயலிலிருந்து வெறுங்கையோடு திரும்புவது எளிதா? மூன்றாண்டுக் காலம் பயனின்றி ஸ்ரீரங்கத்தில் அவர் தங்கியதற்குக் காரணம் திருச்சி மதிலில் மட்டும் இல்லை. ஸ்ரீரங்கப்பட்டணத்து அரண்மனையிலும் அதைத் தேடவேண்டும்.

தஞ்சையையும் இவ்வாறே நோக்குக. அங்கே மானோஜியின் செல்வாக்கு ஏறியபோது அரசு ஆங்கிலேயர் பக்கம் சாய்ந்தது; அவருக்கு எதிரான அமைச்சரின் கை ஓங்கியபோது அது வாளாவிருந்தது. இரண்டையும் “தஞ்சையின் கொள்கை” என்ற ஒரே பெயரால் நாம் அழைக்கிறோம்.

மூன்றாம் வழி, அரசின் கருவிகளைப் பார்ப்பது. முடிவு செய்பவர் தம் கையால் எதையும் செய்வதில்லை. படை, பண்டகசாலை, தூதர், எழுத்தர் ஆகியவை தத்தம் பழக்கப்படியே இயங்குகின்றன. 1753ல் திருச்சியில் நடந்ததைச் சொல்கிறேன். கோட்டைக்குள் பல மாதங்களுக்குப் போதிய தானியம் இருக்கிறது என்று டால்டன் நம்பியிருந்தார். வெளியே மறியல் இறுகியபோது களஞ்சியத்தைப் பார்வையிட விரும்பினார். நவாபின் மைத்துனராகிய அதிகாரி அதனை விற்றுவிட்டிருந்தது அப்போதுதான் வெளியாயிற்று. எஞ்சியது சில வாரங்களுக்கே போதும். உடனே லாரன்ஸ் படையோடு திருச்சிக்கு விரைந்தார். அவ்வாண்டு முழுவதும் நடந்த கடும்போர்களில் பெரும்பாலானவை உணவு வண்டிகளைக் கோட்டைக்குள் கொண்டு சேர்க்கும் முயற்சியால் விளைந்தவையே. போர்க்களத்தைத் திருச்சிக்கு மாற்றியது எந்த ஆலோசனைச் சபையின் சிந்தனையும் அன்று. வெறுமையாயிருந்த ஒரு களஞ்சியம்.

கடிதங்களின் வேகத்தையும் எண்ணுங்கள். சென்னையிலிருந்தோ புதுச்சேரியிலிருந்தோ ஐரோப்பாவுக்கு ஒரு கடிதம் போய்ச் சேரப் பல மாதங்கள் ஆயின. விடை வரவும் அத்துணைக் காலம். ஆகவே லண்டனிலும் பாரிசிலும் இருந்தோர், முடிந்துபோன செயலுக்கே அனுமதியோ கண்டனமோ எழுதிக்கொண்டிருந்தனர். செலவு கண்டு அஞ்சிய பாரிஸ், இறுதியில் டூப்ளேயைத் திரும்ப அழைத்தது. 1754 ஆகஸ்டில் கோதே வந்திறங்கி அப்பதவியை ஏற்றார். அக்டோபரில் போர் நிறுத்தமாயிற்று. ஸ்ரீரங்கத்தில் காத்திருந்த நஞ்சராஜரின் நம்பிக்கை, அவர் கண்ணால் காணாத ஒரு வணிகச் சபையின் கணக்குப் புத்தகத்தால் சரிந்தது.

நான்காம் வழி மனத்தைப் பற்றியது. மனிதர் உலகை உள்ளபடி கண்டு முடிவெடுப்பதில்லை. தாம் கண்டதாக எண்ணுவதைக் கொண்டே முடிவெடுக்கின்றனர். நஞ்சராஜர் நவாபைக் கோட்டையின் உடையவராகக் கண்டார். கோட்டைக்குள் துப்பாக்கி ஏந்தி நின்றவரோ ஆங்கிலேயர். வாக்குக் கொடுத்தவர் ஒருவர், வாயிலைக் காப்பவர் மற்றொருவர் என்பதை அவர் முன்னரே எடை போடவில்லை. வலியறிதல் அதிகாரம் எடைபோடச் சொல்லும் பொருள்களுள் துணைவரின் வலிமையும் ஒன்று. நம்மோடு நிற்பவன் எவ்வளவு வலியன் என்பது மட்டுமன்று, அவன் வலிமை நாளை யார் பக்கம் நிற்கும் என்பதும் அதில் அடங்கும். மாற்றானைப் பற்றிய கணக்கில் நஞ்சராஜர் பிழைக்கவில்லை. சந்தா சாகிப் தோற்கத்தான் செய்தார். நண்பரைப் பற்றிய கணக்கிலேதான் பிழைத்தார்.

இந்நான்கு வழிகளுக்கும் அப்பால் நிலத்தின் குரல் ஒன்றுண்டு. திருச்சிக்குக் கிழக்கே, காவிரி நீர் தாழ்வான கொள்ளிடத்துக்குள் வழிந்துவிடாமல் கரைகளும் கல்லணையும் காக்கின்றன. அவ்விடத்தைத் தன் கையில் வைத்திருப்பவன் தஞ்சையின் வயலைக் கையில் வைத்திருப்பவனாவான். 1754ல் பிரெஞ்சுப் படையினர் கோயிலடிக்கு அருகே அக்கரையை வெட்டிவிட்டனர். அதுவரை இரு பக்கமும் நழுவிக்கொண்டிருந்த தஞ்சை அரசவைக்கு, எந்தத் தூதனும் எடுத்துச் சொல்ல முடியாத வாதம் அன்று கிடைத்தது. தஞ்சை ஆங்கிலேயரோடு சேர்ந்தது. அச்சுறுத்திப் பணியவைக்க எண்ணியோர், பகைவனுக்கு ஒரு துணைவனைத் தேடிக் கொடுத்தனர்.

சந்தா சாகிபின் முடிவை நான் முன்னர் ஒரே வரியில் சொன்னேன். அதனை மீண்டும் எடுத்துக்கொள்வோம். அவர் மானோஜியின் கையில் சிக்கியபோது நவாபு தமக்கு வேண்டும் என்றார். நஞ்சராஜர் தமக்கு என்றார். லாரன்ஸ், ஆங்கிலேயர் காவலில் வைக்கலாம் என்றார். எவருக்குக் கொடுத்தாலும் மற்ற இருவரும் பகைவராவர். மானோஜி எவருக்கும் கொடாமல் கைதியைக் கொன்றார். கூட்டாளிகள் ஒருவரையொருவர் நம்பாமை அவ்வாறு ஒரு மனிதனின் தலையை வாங்கியது. சபையில் எவரும் முன்மொழியாத முடிவே சில வேளைகளில் சபையின் முடிவாகி விடுகிறது. இது மானோஜியின் குற்றத்தைக் குறைக்காது. வாக்கை நம்பி வந்தவரைக் கொல்லுதல் கொலையே. காரணத்தை விளக்குவது வேறு, செயலை நியாயப்படுத்துவது வேறு. ஆராய்ச்சி செய்யும் மாணவர் இவ்விரண்டையும் ஒருபோதும் குழப்பலாகாது.

பழங்கதைக்கு மட்டுமே இவ்வழிகள் பொருந்தும் என எண்ணவேண்டா. 1962 அக்டோபரில் சோவியத் ஒன்றியம் கியூபாவில் அணு ஏவுகணைகளை நிறுவியமையால் உலகம் பெரும்போரின் விளிம்புக்கு வந்தது. கிரகாம் அல்லிசன் என்னும் அமெரிக்க அறிஞர் 1971ல் வெளியிட்ட நூலில் அந்நிகழ்ச்சியை மும்முறை ஆராய்ந்தார். முதலில் அரசை ஒரே ஆளாகக் கொண்டார். அடுத்து, பழகிய நடைமுறைப்படி இயங்கும் அலுவலகங்களின் தொகுதியாகக் கொண்டார். மூன்றாவதாக, பேரம் பேசும் தலைவர்களின் கூட்டமாகக் கொண்டார். ஒவ்வொரு முறையும் புதிய செய்தி புலனாயிற்று. நெருக்கடி உச்சத்திலிருந்த அக்டோபர் 27ஆம் நாள், வழக்கமான பணியில் சென்ற அமெரிக்க விமானமொன்று வழிதவறிச் சோவியத் எல்லைக்குள் புகுந்தது. அதனை எந்தத் தலைவரும் ஆணையிடவில்லை. ஆனால் அடுத்த பக்கத்தார் அதனை ஓர் ஆணையின் விளைவாகவே எண்ணியிருந்தால் என்ன ஆகியிருக்கும்! திருச்சிக் களஞ்சியத்தின் பாடம் அணுயுகத்திலும் பழையதாகவில்லை.

மற்றொரு செய்தி. இவற்றையெல்லாம் நாம் எவ்வாறு அறிகிறோம்? பெரும்பகுதி, 1763 முதல் ராபர்ட் ஆர்ம் வெளியிட்ட வரலாற்றிலிருந்தும் கம்பெனிக் கடிதங்களிலிருந்தும் வருவது. ஆர்ம், வென்றவர் பக்கத்தவர். நஞ்சராஜர் பொறுமையற்றவராகவும், நவாபின் வாக்குத் தவறுதல் சிறு சங்கடமாகவும் அத்தகைய ஏடுகளில் தோன்றினால் வியப்பில்லை. புதுச்சேரியிலிருந்து ஆனந்தரங்கப் பிள்ளை தமிழில் எழுதிவந்த நாட்குறிப்பு மற்றொரு சாளரம். அவர் டூப்ளேயின் துபாஷி. அவருக்கும் ஒரு பக்கம் உண்டு. சாட்சிகளை ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே தீர்ப்புக் கூறவேண்டும். முடிவு தெரிந்த நாம், முடிவு தெரியாமல் செயற்பட்டோரை எள்ளுவதும் தகாது. 1752ன் தொடக்கத்தில், கரூர்ச் சாலையில் நின்ற நஞ்சராஜருக்கு டூப்ளே திரும்ப அழைக்கப்படுவார் என்பது தெரியாது.

இறுதியில் என்ன நேர்ந்தது? 1755ல், நிஜாம் சலாபத் ஜங்கும் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியும் மைசூரை நோக்கி வருகின்றனர் என்ற செய்தி கேட்டு நஞ்சராஜர் ஸ்ரீரங்கத்தை விட்டுப் புறப்பட்டார். காவிரியின் மூன்று அரங்கங்களுள் ஆதியரங்கம் எனப்படுவது ஸ்ரீரங்கப்பட்டணம். அந்திய அரங்கம் நம் ஸ்ரீரங்கம். கடைசி அரங்கத்தில் அமர்ந்து பிறர் கோட்டைக்குக் காத்திருந்தவருக்கு, முதல் அரங்கமாகிய சொந்தத் தலைநகர் ஆபத்துக்குள்ளாயிற்று. பெருந்தொகை கொடுத்தே தேவராஜர் அதனை மீட்கவேண்டியதாயிற்று. மைசூர்ப் பொக்கிஷம் வற்றியது. சம்பளப் பாக்கி கேட்டுப் படைவீரர் கிளர்ந்தனர். அக்கிளர்ச்சியைத் தணிக்கும் ஆற்றலோடு முன்வந்தவர், திருச்சிப் போர்க்களத்தில் நஞ்சராஜரின் கீழ்ப் பணிபுரிந்த ஐதர் அலி. 1761ல் மைசூரின் அதிகாரம் முழுவதும் அவர் கைக்கு வந்தது. திருச்சியைப் பெறப் புறப்பட்டவர் மைசூரையே இழந்தார்.

நண்பர்களே, நாளைக் காலைப் பத்திரிகையில், “அந்த நாடு மறுத்தது”, “இந்த நாடு எச்சரித்தது” என்ற தலைப்புகளைக் காண்பீர்கள். அங்கே சற்று நில்லுங்கள். அந்நாடு வேண்டுவது யாது? அதற்குள் இசைந்தவர் யார், இசையாதவர் யார்? அதன் கருவிகள் சொன்னபடி கேட்பவையா? அதன் தலைவர்கள் எதனை உண்மை என நம்புகின்றனர்? நிலமும் நீரும் அவர்களை எப்பக்கம் தள்ளுகின்றன? இக்கேள்விகளை நம் நாட்டைக் குறித்தும் கேளுங்கள். அரசர் காலத்தில் அரண்மனைக்குள் நால்வர் கேட்டிருக்கவேண்டிய கேள்விகள் இவை. குடியாட்சியில், வாக்களிக்கும் உரிமை பெறப்போகும் உங்களைச் சேர்ந்தவை அவை.

அடுத்த முறை மலைக்கோட்டைக்கு ஏறும்போது ஸ்ரீரங்கத்தின் தெற்கு இராஜகோபுரத்தைப் பாருங்கள். 1987ல் அது நிறைவு பெற்றது; நஞ்சராஜர் பாசறையிட்டிருந்த நாளில் மொட்டைக் கோபுரமாக நின்றது. அதன் நிழலில் அவர் மூன்றாண்டு காத்திருந்தார். ஒரு வாக்குறுதியை நம்பி வருமுன், அதனை நிறைவேற்றும் திறவுகோல் யாரிடம் இருக்கிறது என்று ஒருமுறை விசாரித்திருந்தால், தென்னாட்டு வரலாற்றின் சில பக்கங்கள் வேறுவிதமாக எழுதப்பட்டிருக்கக் கூடும்.